கண்ணுக்குள் ஒரு வெண்புள்ளி

கற்பிட்டியில் எங்கள் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்யும் எனக்கு, திடீரென வலக்கண் புகை மூடியதுபோல் மங்கியது. பயந்துபோய்ச் சிலாபத்தில் கண் டொக்டரிடம் போனேன்.

அவர் என் கண்ணின் உட்புறத்தைப் படமெடுத்துத் திரையில் காட்டினார். செம்மஞ்சள் நிலவொன்றில் ஆறுகள்போல் இரத்தக்குழாய்கள் ஓடின. ஓரத்தில் ஒரு வெண்புள்ளி.

"பூனை இருக்கா?"

"தோட்டத்தில திரியும், டொக்டர்."

"பூனைக் கழிவால மண்ணுக்கு வந்த கிருமி, கைவழியா வாய்க்குள்ள போயிருக்கும். அதான் கண்ணில அழற்சி. மருந்தில குறையும், தழும்பு இருக்கும்."

நான் பயத்தை மறந்து திரையையே பார்த்தேன். "சுப்ஹானல்லாஹ், இவ்வளவும் எனக்குள்ளயா இருக்கு?"

மருந்து முடிந்தபின் ஒருநாள் காலை, இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தேன். அவளது இமைமயிர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"என்ன உம்மா, அப்பிடிப் பாக்கிறீங்க?"

இத்தனை வருடம் அவளைப் பார்த்ததெல்லாம் எவ்வளவு பெரிய கொடை என்று அன்றுதான் உணர்ந்தேன்.