சியோலுக்குத் திரும்பிய ஷின்

ஷின் சாங் கியுவின் அப்பா புசான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பையன் படிப்பில் கெட்டிக்காரன் என்று கொரிய சிப் கம்பெனி ஒன்று உதவித்தொகை கொடுத்தது. சியோலில் பொறியியல், லண்டனில் பொருளாதாரம், பாஸ்டனில் எம்.பி.ஏ. 1993இல் கலிஃபோர்னியாவில் இருந்த தங்கள் மில்பிடாஸ் கிளைக்கு அவரையே தலைவராக அனுப்பினார்கள். அங்கே டெஸ்ட் இன்ஜினியராக என்னை வேலைக்கு எடுத்தவர் அவர்தான். திருமூர்த்தி என்ற என் பெயரைச் சுருக்காமல் முழுதாகச் சொன்ன ஒரே மேலதிகாரி.

1997 இறுதியில் கொரியப் பொருளாதாரம் சரிந்தது. கிளையை மூடச் சொல்லி ஃபேக்ஸ் வந்தது. நூற்றெண்பது பேரையும் ஒவ்வொருவராகத் தன் அறைக்கு அழைத்துத் தானே சொன்னார் ஷின். எனக்கு விசா சிக்கல் வருமே என்று வேறொரு கம்பெனியில் பேசி வேலையும் பிடித்துத் தந்தார். அந்தக் கம்பெனி அவரையும் வேலைக்குக் கூப்பிட்டது.

"என்னைப் படிக்க வைத்தவர்கள் திரும்பி வரச் சொல்கிறார்கள், திருமூர்த்தி. போகாமல் எப்படி?" என்றார்.

மகளின் படிப்புக்காக அவளையும் மனைவி மி ரானையும் மில்பிடாஸிலேயே விட்டுவிட்டுத் தனியாகப் போனார்.

2000இல் ஆபீஸ் வேலையாக நான் சியோல் போனேன். கம்பெனிக்குப் போன் செய்தால், அப்படி யாரும் இல்லை என்றார்கள். மி ரான் தந்திருந்த முகவரியைத் தேடிப் போனேன். மாடியில் ஒற்றை அறை. காலை எட்டு மணிக்குக் கோட்டும் டையுமாக நின்றிருந்தார்.

"லைப்ரரிக்குக் கிளம்பினேன்" என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

நஷ்டமான கிளையை நடத்தியவர் என்று ஒரே வருடத்தில் ராஜினாமா எழுதி வாங்கியிருக்கிறார்கள். மாலையில் ஒரு டியூஷன் சென்டரில் ஆங்கிலம் சொல்லித் தருகிறார். விடைபெறும்போது என் கையை விடவில்லை.

"மி ரானிடம் சொல்லிவிடாதே."

வீடு திரும்பி என் மனைவி கண்மணியிடம் சொன்னேன்.

"ஏங்க, நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா? நீங்க சொல்லலன்னா நானே டிரைவ் பண்ணிப் போய்ச் சொல்லிடுவேன்" என்றாள்.

இருவருமாகப் போனோம். மி ரான் அழவில்லை.

"எனக்குத் தெரியும். கம்பெனி இன்ஷூரன்ஸ் நின்றுவிட்டதென்று போன வருடமே கடிதம் வந்தது. ஞாயிறுதோறும் அவர் போனில் ஆபீஸ் கதை சொல்கிறார். நானும் கேட்கிறேன். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவருக்கு என்ன மிஞ்சும்?"



2001 பிப்ரவரியில் அந்த அறையிலேயே அவருக்குப் பக்கவாதம் வந்தது. மி ரான் போய் அழைத்து வந்தார். நான் பார்க்கப் போனபோது வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. ஆங்கிலம் அடியோடு போயிருந்தது. கொரிய மொழியில் கொஞ்சம் சொற்கள், அதுவும் குழறலாக. என்னைப் பார்த்து நெடுநேரம் எதையோ சொன்னார். பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்தேன்.

"எனக்கே புரியவில்லை, அங்கிள்" என்றாள் அவள்.

புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு எழுந்து வந்தேன்.