கரமனையில் அக்கா வளர்த்த பைன் மரம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் வருஷாப்தத்துக்கு வந்திருக்கும் உங்களிடம், அவருடைய தங்கையான நான் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார். ஐந்து வயதில் குடும்பத்தோடு திருவனந்தபுரம் கரமனைக்கு வந்தார். அப்பா காலமானதும் பத்தொன்பதாம் வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்து, எங்களைப் படிக்கவைத்துக் கல்யாணமும் செய்துவைத்தார். தாம் மட்டும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அறுபதுகளின் கடைசியில் அலுவலகத் தோழிகளுடன் கொடைக்கானல் போனவர், ஒரு பை நிறையப் பைன் காய்களோடு திரும்பினார். வெயிலில் அவை விரிந்து, இறக்கை வைத்த விதைகள் உதிர்ந்தன. விதைத்தார், ஒன்றும் முளைக்கவில்லை. குளிர் வேண்டும் என்று கேள்விப்பட்டு, விதைகளை ஈரமணலில் கலந்து ஒரு டப்பாவில் போட்டு, உடன் வேலை பார்த்த சாந்தம்மாவின் வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கக் கொடுத்தார்.

ஒரு வாரத்தில் சாந்தம்மா வந்து நின்றார். "அம்மாயியம்ம அழுக்கு மண்ணுன்னு நெனச்சு வெளியே களஞ்சுட்டாங்க, சேச்சி."

"போகட்டும். இன்னும் விதை இருக்கு" என்று அக்கா மறு டப்பாவைக் கொடுத்தார். இம்முறை அந்த மாமியாரே அதற்குக் காவல் இருந்தாராம்.

பதினோரு கன்றுகள் விதை ஓட்டைத் தலையில் சுமந்தபடி எழுந்தன. மழையில் எட்டு, தண்டு அழுகிச் சாய்ந்தன. அதன்பின் அக்கா மேலே நீர் ஊற்றுவதை நிறுத்தி, தொட்டிகளைத் தண்ணீர்த் தட்டில் வைத்தார். கடைசியில் ஒன்று நிலைத்தது; அதை மதிலோரம் மண்ணில் நட்டார். பத்தாண்டில் ஓட்டுக்கூரையைத் தாண்டி வளர்ந்தது.

அப்போது அடுத்த வீட்டு மதில் விரிசல் விட்டது. அந்த வீட்டு மணி மாமா, "வேர்தான் காரணம். நீங்களே பாத்து ஏதாவது பண்ணுங்கோ" என்றார். பம்பாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நானும் அவர் பக்கம் பேசினேன்.

"ஒரு மரத்துக்காக அடுத்தாத்தோட சண்டை போடப்போறியா?"

 மறுவாரம் அக்கா ஆள் வைத்து வெட்டச் சொன்னார். முழுதும் சாயும்வரை நின்று பார்த்துவிட்டு, மாலை டியூட்டிக்குப் போனார்.

ஓராண்டு கழித்து மதிலைப் பிரித்துக் கட்டினார்கள். அடியில் ஒரு வேர்கூட இல்லை. மழைநீர்தான் மண்ணை அரித்திருந்தது.

"எனக்கு அப்பவே தெரியும். வெட்டறதுக்கு முன்னாடி தோண்டிப் பாத்தேன்" என்றார் அக்கா.

"ஏன் சொல்லலை?"

"மாமா பயந்து போயிருந்தார். நீயும் நம்பலை. வாதாடி ஜெயிச்சு என்ன பண்றது? தினம் முகத்தைப் பாக்கணுமே."

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சிறுநீரக நோயில் அக்கா படுத்த எட்டு மாதமும் நான் பம்பாயில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு முறையும் அழைத்துப் போனது மணி மாமா. லீவு போட்டு உடனிருந்தது சாந்தம்மா. அக்கா மறைந்த அன்று, நான் வந்து சேரும்வரை இருவரும் அவர் அருகிலிருந்து எழவில்லை. இவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நான் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் இருந்தார்கள்.