மூன்றாவது சிலிண்டர்

ஸ்டார்ட் செய்ததும் கார் குலுங்கியது. எஞ்சின் விளக்கு மினுங்கத் தொடங்கியது. பக்கத்து சீற்றில் இருந்த அக்கா மடியில் கிடந்த கையுறைகளை இறுக்கிப் பிடித்தாள்.

காலை ஏழு மணி. பத்துக்கு அவளுக்கு ரோட் டெஸ்ட். வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் லைசன்ஸ் காட்டாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். அன்று புதன்.

இரண்டு நிமிடத்தில் குலுக்கல் நின்றுவிடும். சிக்கலே அதுதான். வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே குளிரில் நடுங்கும் கார், கராஜுக்குப் போய்ச் சேர்வதற்குள் சூடாகி நல்ல பிள்ளையாகிவிடும். மெக்கானிக் இரண்டு தடவை பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். எஞ்சினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிற நான் சும்மா இருப்பேனா? சின்ன ஸ்கானர் ஒன்று வாங்கிச் செருகினேன். மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றது. முந்தின நாள் மாலை அதற்குப் பொறி கொடுக்கும் கொயிலைக் கழற்றி முதலாவது சிலிண்டரின் கொயிலோடு மாற்றிப் போட்டேன். கொயில் பழுது என்றால் கோளாறும் கூடவே இடம் மாறவேண்டும்.

அன்றும் ஸ்கானர் மூன்றாவதையே காட்டியது. பழுது கொயிலில் இல்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்பார்க் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். விரல்கள் விறைத்து இரண்டு தடவை ஸ்பானர் வழுக்கியது. மற்ற பிளக்குகள் பழுப்பாக இருந்தன. மூன்றாவது மட்டும் கழுவி வைத்தது போல வெள்ளையாக, ஈரமாக இருந்தது. முகர்ந்தேன். லேசான இனிப்பு மணம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். இரவெல்லாம் அது சிலிண்டருக்குள் கசிந்து, காலையில் ஆவியாகிப் போகிறது. இந்தக் குளிரில் எல்லாக் காரும்தான் வெள்ளைப் புகை விடுகிறது, யார் கவனிப்பது?

ஆனால் கூலன்ட் தாங்கி நிறைந்திருந்தது. கசிந்தால் குறையவேண்டுமே, அது எப்படி? தேத்தண்ணிக் கோப்பையோடு இறங்கி வந்த அப்பாவைப் பார்த்தேன்.

"அப்பா, இதுக்குள்ள ஏதும் விட்டனீங்களோ?"

"ஓம், குறைஞ்சு கிடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் தண்ணி விடுறனான்."

"தண்ணியோ?"

"பைப்புத் தண்ணி இல்லைப் பிள்ளை. கொதிக்க வைச்சு ஆறவிட்டது."

"குறையுது எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ காரை முழுக்கப் பிரிச்சுப் போட்டிடுவாய்."

அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். "உந்தக் கதையை விடுங்கோ. நீ சொல்லு. டெஸ்ட்டில நடு ரோட்டில நிண்டிடுமோ?"

"சூடாக்கிப் போட்டு எடுத்தால் ஓடும்," என்றார் அப்பா. "இருவது நிமிசம்தானே."

"உங்களைக் கேக்கேல்லை அப்பா."

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவள் நான். அப்போது கையிலிருந்த பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓடலாம். சிக்னலில் சூடேறி நிற்கவும் செய்யலாம்.

"நிக்காது எண்டு என்னாலை சொல்லேலாது, அக்கா."

அவள் போனை எடுத்தாள். ட்ரைவிங் பழக்கும் ஆசிரியருக்கு; எல்லோரும் அவரை அண்ணை என்றே கூப்பிடுவோம். அவர் ஏசியது பொறுக்காமல் இரண்டு மாதத்துக்கு முன் வகுப்பைப் பாதியிலேயே விட்டுவிட்டு வந்தவள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"ஆர், ஸ்டொப் சைனில நிக்காத பிள்ளையோ?"

"ஓம் அண்ணை. அவள்தான்." அவள் முகம் சிவந்தது. "பத்துக்கு டெஸ்ட். கார் இல்லை."

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "எட்டரைக்கு ஒரு வகுப்பு இருக்கு. அது முடிய வாறன்."

ஒன்பது இருபதாகியும் வரவில்லை. அக்கா வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தாள். ஒன்பது இருபத்தைந்துக்கு வெள்ளைக் கார் திரும்பியது. அவர் இறங்கி, கார்ச் சாவியை அவள் கையில் கொடுத்தார்.

பத்தே முக்காலுக்கு என் போனில் அக்காவிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: பாஸ். அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். பிறகு திறந்து கிடந்த எஞ்சினைப் பார்த்தார்.

"இனி உவள் எந்தக் காரில வேலைக்குப் போறது?"