வரவேற்புக் குழுப் பெண்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று நைனா சொல்லுவார். இருக்கட்டும். அது இல்லாமல் நான் பொறியியல் படித்து முடித்திருக்க மாட்டேன்.

திருப்பதியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருடம். நகரிப் பக்கத்திலிருந்து தினமும் காலேஜ் பஸ். அந்த வருடம் எங்கள் துறையில் ஒரு ஹேக்கத்தான் வைத்தார்கள். ஒரே நாளில் ஓர் ஆப் செய்து காட்ட வேண்டும். ஜெயித்தால் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப். கணினித் துறைக்குப் பெண்கள் நிறைய வரவேண்டும் என்று வாசல் பேனரில் தெலுங்கில் கொட்டை எழுத்து. பெண்களில் ஐந்து அணிகள் பெயர் கொடுத்திருந்தோம்.

நானும் புத்தலப்பட்டு என்ற ஊரிலிருந்து வரும் என் தோழியும் ஓர் அணி. மாங்காய் சீசனில் அவளுடைய அப்பா டிராக்டரோடு ஜூஸ் ஃபேக்டரி வாசலில் இரண்டு நாள் வரிசையில் கிடப்பார். சரக்கு வெயிலில் அழுகும். டோக்கனைப் போனிலேயே கொடுத்துவிட்டால், முறை வரும்போது வீட்டிலிருந்து கிளம்பினால் போதுமே. இந்த ஆப்புக்காக ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

முந்தின நாள் வரவேற்புக் குழுப் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் வகுப்புப் பெண்கள் அத்தனை பேரும் அதில் இருந்தோம். பட்டுப்புடவை, தலையில் பூ, எட்டு மணிக்கு வாசலில். எந்த விழா என்றாலும் இதுதான் வழக்கம். பன்னீர் தெளிக்க ஆண்பிள்ளைகளுக்குக் கை வராது போலிருக்கிறது. போட்டி பத்து மணிக்குத்தானே, அதற்குள் விருந்தினராக ஸ்ரீ சிட்டி அதிகாரி வந்துவிடுவார் என்றார் துறைத் தலைவர்.

ஒன்பதே முக்கால் ஆகியும் விருந்தினரைக் காணோம். பத்துக்கு லேப் கதவைச் சாத்திவிடுவார்கள். வராத அணிக்கு இடமில்லை. துறைத் தலைவரிடம் போனேன்.

"பேர் குடுத்துட்டு இங்க நின்னுக்கினு இருந்தா எப்படி சார்?" என்றேன்.

அவர் சித்தூர்க்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். "அஞ்சு நிமிஷம் நில்லும்மா. வாசல்ல யாரும் இல்லன்னா கெஸ்ட்டுக்கு மரியாதையா இருக்குமா?"

"நீங்க இருக்கீங்களே சார்."

சந்தனத் தட்டை அவர் கையில் வைத்தேன். தோழியை இழுத்துக்கொண்டு, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து மாடிப்படி ஏறினேன். "வாங்கடி" என்று கூப்பிட்டும் மற்றவர்கள் அசையவில்லை. இன்டர்னல் மார்க் அவர் கையில்தானே.

பதினொரு மணிக்கு அந்த ஸ்ரீ சிட்டி அதிகாரி, சென்னைக்காரர், நெற்றியில் சந்தனத்தோடு லேபுக்குள் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு எங்கள் முன்னால் நின்றார்.

"என்ன சார், பொண்ணுங்க ரெண்டே பேர்தானா?"

"எவ்ளோ சொன்னாலும் இவங்க முன்வர்றதில்ல சார்," என்றார் துறைத் தலைவர்.

நான் எழுந்து நின்றேன். "பொண்ணுங்க எட்டு மணிக்கே வந்துட்டாங்க சார். உங்களுக்குப் பன்னீர் தெளிக்க நின்னுக்கினு இருந்தாங்க. அதுக்குள்ள கதவ சாத்திட்டாங்க. கீழதான் இருக்காங்க, தெறக்கச் சொல்லுங்க."

துறைத் தலைவர் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். அதிகாரி தானே போய்க் கதவைத் திறந்து கீழே குரல் கொடுத்தார். புடவையும் பூவுமாக நான்கு அணிகள் உள்ளே வந்து உட்கார்ந்தன.

இன்டர்ன்ஷிப் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த நான்கில் ஓர் அணி எங்களைத் தோற்கடித்து அதை வாங்கிக்கொண்டு போனது. பஸ்ஸில் நகரி வரும்வரை அழுதேன். நாளைக்கே அந்த நாள் திரும்பி வந்தாலும் அந்தக் கதவைத் திறக்கச் சொல்லித்தான் கேட்பேன்.