பிள்ளையாருக்குப் பறித்த புல்

என் பூனை செவலை சோற்றைத் தொடாமல், கழுத்தை நீட்டி நீட்டிக் குமட்டியபடி கிடந்தது. செத்துப்போகுமோ என்ற பயத்தில், பிள்ளையாரை வேண்டிக்கொண்டு அருகம்புல் மாலை கட்ட உட்கார்ந்தேன். செவலை பைய எழுந்து வந்து அந்தப் புல்லையே கடித்தது.

“ஏட்டி, சாமி புல்லை எச்சியாக்காத!” என்று கையை ஓங்கினேன்.

செவலையைப் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுப் பாத்திமா என் கையைப் பிடித்தாள். “விடுங்கக்கா, அது மருந்துல்லா திங்குது!”

கொஞ்ச நேரத்தில் புல்லோடு சேர்த்து, விரல் நீளத்துக்கு ஒரு முடித் திரியைக் கக்கியது. தன் உடம்பை நக்கி நக்கி அது விழுங்கிய முடிதான். அப்புறம் மீன்சோறு கேட்டுக் கத்தியது. ‘பிள்ளையாரப்பா!’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

“தெனமும் அது முடியைச் சீவி விடுங்க. உங்க பிள்ளையாருக்கும் வேலை குறையும்” என்று பாத்திமா சிரித்தாள்.

இப்போது தினமும் சீவிவிடுகிறேன். ஆனாலும் அந்தப் புல்லின் குணத்தை அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? மாலை கட்ட உட்கார்ந்தால், முதல் பிடியைச் செவலை முன்தான் வைக்கிறேன்.