தோல் உரித்த மூன்று கோழிகள்

வளைகுடாவுக்கு வீட்டுச் சமையல் வேலைக்காகப் புதிதாக வரும் தம்பிமார்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்புதான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் வெள்ளிக்கிழமை

குவைத்தில் ஃபஹாஹீல் பக்கம் ஒரு வீடு. நான் வேலைக்குச் சேர்ந்து நாலாம் நாள். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மேடத்தின் அண்ணன் தம்பிகள் குடும்பத்தோடு சாப்பிட வருகிறார்கள். டிரைவர் முருகேசன் காலையிலேயே மூன்று கோழி வாங்கி வந்து கிச்சனில் வைத்துவிட்டார். மேடம் இந்தியும் அரபியும் கலந்துதான் பேசுவார். "பூரா முர்கி. கட் மாஃபி. மச்பூஸ்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

கோழியை வெட்டக்கூடாது, முழுசாக வேண்டும் என்பது புரிந்தது. மச்பூஸ்தான் புரியவில்லை.

முழுக் கோழியை நான் அதுவரை சமைத்ததே இல்லை. ராமநாதபுரம் பக்கம் கல்யாண பிரியாணி போடும் செட்டில் பத்து வருஷம் இருந்தவன். அங்கே கோழி துண்டாகத்தான் அண்டாவுக்கு வரும். விசாவுக்கு ஏஜெண்ட் "அரபிச் சாப்பாடு தெரியுமா?" என்று கேட்டார். "எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடிக்கவில்லை என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் என் மனைவி மூன்றாவது பிள்ளைக்கு ஏழு மாதம்.

2. சட்டை கழற்றியது

கோழியைப் பார்த்தேன். தோலோடு இருந்தது. எங்கள் வீடுகளில் கோழித்தோல் பூனைக்குத்தான் போகும். விருந்தாளி வரும் வீட்டில் இப்படியா வைப்பது என்று நினைத்து உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். கோழி உடையாமல் தோலை மட்டும் எடுப்பது லேசு இல்லை. இறக்கை நுனியில் கத்தி முனையால் நோண்டி நோண்டி எடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. மஞ்சள் தூள் போட்டுக் கழுவி வரிசையாக வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

முருகேசன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். புதுக்கோட்டைக்காரர். ஆறு வருஷமாக அந்த வீட்டில் இருப்பவர்.

"அய்யய்யோ, என்ன பாய் இது? கோழிக்குச் சட்டையைக் கழட்டிட்டீங்க?"

"சுத்தம் பண்ணுனேன் முருகேசு."

"இவங்களுக்குத் தோலுதான் பாய் கோழியே. மச்பூஸுன்னா அவிச்சு, ஓவன்ல வச்சு, செவசெவன்னு சோத்து மேல உக்கார வைக்கணும். இத ஓவன்ல வச்சா வெறகாத்தான் வரும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மேடம் வந்துவிட்டார். கோழியைப் பார்த்தார்.

"வேன் ஜில்து?" தோல் எங்கே என்கிறார்.

மனைவி முகம் கண்ணில் வந்தது. "கடையிலேயே இப்படித்தான் வந்தது மேடம்" என்று அரைகுறை இந்தியில் சொல்லிவிட்டேன்.

கடைக்குப் போனது முருகேசன். மேடம் அவர் பக்கம் திரும்பினார். "ஆறு வருஷமா இங்க இருக்க. கோழி பார்த்து வாங்கத் தெரியாதா? வீட்டுக்கு ஆள் வர்ற அன்னைக்கா?" என்று சத்தம் போட்டார். முருகேசன் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, "சாரி மேடம்" என்றார். அவ்வளவுதான். வெளியே போய்விட்டார்.

3. வாய் கொப்பளித்தது

அடுப்பைத் தொடும் முன், தொழுகைக்குச் செய்வது போல் கை, வாய், முகம், கால் கழுவி ஒளு செய்வது என் வழக்கம். உண்பவர் வயிற்றுக்குப் போவது, சுத்தமான கையால் போகட்டும் என்று. பின்பக்கக் குழாயில் கை கழுவினேன். வாய் கொப்பளிக்கத் தண்ணீரை எடுத்தேன். முறைப்படி மூன்று தரம் கொப்பளித்தேன். நாலாவது தரமும் கொப்பளித்தேன். இப்போதுதானே இந்த வாயால் ஒருவன் மேல் பழி போட்டேன், இதைத் தண்ணீர் எப்படிக் கழுவும்? யா அல்லாஹ், ஊருக்கு அனுப்பினாலும் அனுப்பட்டும் என்று ஒளுவை முடித்து நேராக ஹாலுக்குப் போனேன்.

"மேடம், கடை மேல் தப்பு இல்லை. முருகேசன் மேலும் இல்லை. நான்தான் உரித்தேன்."

மேடம் எழுந்து கிச்சனுக்கு வந்து குப்பைத் தொட்டியைத் திறந்தார். தோல் மூன்றும் கிடந்தது.

"மச்பூஸ் மாலூம்?" தெரியுமா என்கிறார்.

"மாலூம் மாஃபி, மேடம்."

"என்னதான் தெரியும் உனக்கு?"

"பிரியாணி தெரியும். தம் போடத் தெரியும். வேற ஒன்றும் தெரியாது."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். கிட்டத்தட்ட பதினொன்று. பிறகு வாசலுக்குப் போய் முருகேசனைக் கூப்பிட்டார். "உன் மேல தப்பு இல்ல" என்று என் முன்னாலேயே சொன்னார். என்னிடம் திரும்பி, "கலாஸ், போனது போகட்டும். பிரியாணி போடு. கோழி மட்டும் உடையக்கூடாது. யல்லா" என்றார்.

பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பித்தேன். முழுக் கோழியில் மசாலா இறங்காது என்று தொடையிலும் நெஞ்சிலும் கீறி, தயிரில் ஊறவைத்தேன். பெரிய சட்டியில் கோழியை அடுக்கி முக்கால் வேக்காடு எடுத்து, மேலே அரை வேக்காட்டு அரிசியைக் கொட்டினேன். ஓரத்தில் மைதா மாவை ஒட்டித் தம் போட்டேன். அடுப்பை முடிந்த மட்டும் குறைத்துவிட்டு, அடுத்த தெருப் பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்கு ஓடினேன்.

அன்று சாப்பாடு பிரமாதம் என்று பொய் சொல்ல மாட்டேன். சோறு காலியாகி வந்தது. இரண்டு கோழி எலும்பாக வந்தது. அடியில் இருந்த மூன்றாவது கோழியில் பாதி அப்படியே திரும்பி வந்தது, நெஞ்சுக்கறி வறண்டு போயிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மேடமே ஓவன் பக்கத்தில் நின்று மச்பூஸ் காட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் முருகேசனிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஏன் முருகேசு வாயத் தொறக்காம இருந்தீங்க?"

"நான் ஏச்சு வாங்கிப் பழகுனவன் பாய். உங்களுக்கு மூணு மாசம் தாண்டலயே."

அவர் எனக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை. நாலு நாள் பழக்கம்தான்.

தம்பிமார்களே, தெரியாததை முதல் நாளே தெரியாது என்று சொல்லிவிடுங்கள். நான் ஏஜெண்டிடம் சொன்ன ஒரு பொய், அன்று இன்னொருவர் தலையில் போய் விழுந்தது. எனக்கு அந்த மூன்று மாதம் தாண்டி இப்போது பதினோரு வருஷம் ஆகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இன்றும் வெள்ளிக்கிழமை மச்பூஸ் இறக்கியதும் ஒரு கோழிக்காலை எடுத்து முருகேசனுக்குத் தனியாக மூடி வைப்பேன். அவர் மூடியைத் திறக்கும் முன் வாசலில் நின்றே கேட்பார்:

"பாய், சட்டை போட்டிருக்கா?"

"போட்டிருக்கு முருகேசு. வந்து சாப்பிடுங்க."