பம்பருக்குப் பூசிய வெள்ளி

இன்று மாடல் கார் ஒன்றின் பம்பருக்கு சில்வர் பெயிண்ட் அடித்தபோது விரல் நுனியெல்லாம் ஒட்டிக்கொண்டது. துடைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஸ்வநத்தத்தில் அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனி இருந்தது. சிறுவயதில் ஒரு பள்ளி விடுமுறையில், தீப்பெட்டி அட்டையில் நான் செய்த காரோடு அங்கே போயிருந்தேன். சாப்பாட்டு மணி அடித்ததும் பட்டாசு மருந்து கலக்கும் அறையிலிருந்து வந்த தொழிலாளி பேச்சியின் கைகள் அலுமினியப் பவுடரில் மின்னின. முன் பம்பரில் பசை தடவி நீட்டினேன். அவள் விரலால் தேய்த்துவிட்டாள்.

"ஏன் தம்பி, எங்கைதான் ஒங்களுக்குப் பெயிண்டுக் கடையா?" என்று சிரித்தாள். வேப்பமரத்துத் தொட்டிலில் அவளுடைய கைக்குழந்தை அழுதது. "கையக் கழுவிட்டுப் பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்துருதேன்."

"கழுவாதே. இது காயட்டும், பின் பம்பர் இருக்கு" என்றேன்.

முதலாளி மகன் சொல்லை அவளால் மீற முடியவில்லை. கைகளை விரித்தபடி நின்றாள். குழந்தை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. பின் பம்பர் முடிந்தபோது சாப்பாட்டு நேரமும் முடியும் தறுவாயில் இருந்தது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பால் கொடுத்தாள். குழந்தையின் உதட்டோரம் சாம்பல் நிறமானது.

"சீ, அழுக்கு" என்றேன், அவள் காதில் விழும்படி.

முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே, "காரு அம்புட்டு நல்லாருக்கு தம்பி" என்றாள்.

அந்தப் பாராட்டையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டவன் நான்.